காத்திருக்கத் தெரிந்த காதல்

நடுவர் அவர்களே, எங்கள் அணியை எண்ணெய் இல்லாமலே வறுத்தெடுத்துவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணிச் சகோதரி அவர்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் ஜலகண்டாபுரத்துப் பெருமக்களே!

சகோதரி என்ன சொன்னார்? "பழைய படமா? அய்யோ, ஒரே இழுவை! கதாநாயகி ஜன்னல்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள நமக்குத் தூக்கம் வந்துடும். இதுல காதல் எங்க இருக்கு?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். தட்டுங்கள், கை உங்களுடையது. (சிரிப்பு)

நான் ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1962-ல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. எழுதி இயக்கியவர் ஸ்ரீதர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கதை தெரியாத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சீதா தன் கணவன் வேணுவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறாள். கணவனுக்குப் புற்றுநோய். வைத்தியம் பார்க்கப் போகிற டாக்டர் முரளி, அவள் ஒரு காலத்தில் காதலித்தவர். இன்னும் கல்யாணம் ஆகாதவர். தேவிகா, முத்துராமன், கல்யாண்குமார், மூன்றே பேர். அவ்வளவுதான் கதை. சண்டை இல்லை, வில்லன் இல்லை. வில்லன் வேணுவின் உடம்புக்குள்ளேயே இருக்கிறான்.

சேலத்துக்காரர்களுக்குச் சினிமா பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாடர்ன் தியேட்டர்ஸ், 1956-லேயே 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தைக் கலரில் எடுத்துக் காட்டிவிட்டது. அதற்கு ஆறு வருஷம் கழித்து ஸ்ரீதர் கறுப்பு வெள்ளையில், பெரும்பாலும் ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் இந்தப் படத்தை எடுக்கிறார். எத்தனை நாளில்? ஒரு மாதத்துக்குள்! சகோதரி, நீங்கள் இழுவை என்கிற படத்தை அவர்கள் எடுத்த வேகம் இது. (கைதட்டல்) எடுத்தவருக்கு அவசரம் இருந்தது. படத்துக்குள் அவசரம் இல்லை. ஏன்?

இங்கே எத்தனையோ பேர் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்திருப்பீர்கள். சேலம் பெரியாஸ்பத்திரி வராந்தா தெரியாத குடும்பம் இந்தப் பக்கத்தில் உண்டா? அங்கே கடிகாரம் எப்படி ஓடும்? சுவரில் ஒட்டியிருக்கிற ஒரே அறிவிப்பை முப்பது தடவை படிப்போம். நர்ஸ் வெளியே வந்தால் பத்துப் பேர் எழுந்திருப்போம். அவங்க வேற யாரையோ கூப்பிட்டுட்டுப் போயிடுவாங்க. மறுபடி உட்காருவோம். இப்போது பிள்ளைகள் செல்போனில் படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்க வீட்டிலயும் ஒரு பிள்ளை இருக்கு, தெரியும். அந்த வராந்தாவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டு பார்ப்போம்!

தமிழாசிரியன் மேடை ஏறினால் சங்க இலக்கியம் வராமல் இருக்குமா? முல்லைத் திணைக்கு உரிப்பொருள் என்ன? இருத்தல். தலைவன் போருக்குப் போயிருக்கிறான், கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிவிட்டு. அவள் வீட்டில் ஆற்றியிருக்கிறாள். கூடுவதற்கு ஒரு திணை வைத்தவன், பிரிவதற்கு ஒரு திணை வைத்தவன், சும்மா காத்திருப்பதற்கும் ஒரு திணை வைத்தான் ஐயா! (கைதட்டல்) தேவிகா இருப்பதும் அந்த முல்லைதான். ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே தலைவன் வருவானா என்று காத்திருந்தாள். இங்கே தலைவன் எதிரே கட்டிலிலேயே இருக்கிறான், போய்விடுவானோ என்று காத்திருக்கிறாள்.

இன்னொன்று. புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு பாடியது 246-ஆம் பாட்டு. கணவன் பூதப்பாண்டியன் இறந்துபோனான். கைம்மை நோன்பு எனக்கு வேண்டாம், எனக்குத் தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான் என்று நெருப்பை நோக்கி நடக்கிறாள். அங்கே பேசுவது மனைவி. போனவன் வாய் திறக்க முடியாது. ஸ்ரீதர் அவன் உயிரோடு இருக்கும்போதே வாய் திறக்க வைத்தார். நான் போன பிறகு நீ அந்த டாக்டரையே கல்யாணம் செய்துகொள் என்கிறான் வேணு. 1962-ல், தமிழ்நாட்டில், ஒரு கணவன்! அவளுக்குக் கோபம் வருகிறது. அவள் பதில் ஒரு பாட்டு. சுசீலாவின் குரல், விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, கூடவே சிதார். வின்சென்ட்டின் கேமரா அந்த அறையை விட்டு வெளியே போவதே இல்லை. அவள் மறுத்தது சரியா என்று எதிரணி கேட்கும். கேட்கட்டும். அது தனிப் பட்டிமன்றம். கேட்க ஒருத்தன் இருந்தானே, அதைப் பார்க்க வேண்டாமா? சாகப் போகிறவன் தன்னைப் பற்றிப் பேசாமல், இருக்கப் போகிறவளைப் பற்றிப் பேசுகிறான். அந்தப் பேச்சை அவசரமாகப் பேச முடியுமா? பெண்டாட்டி முகத்தைப் பார்த்து, நிறுத்தி, எச்சில் விழுங்கித்தான் பேச முடியும்.

அந்தக் காலத்தில் புற்றுநோய் என்ற வார்த்தையையே வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்னின்று அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-ல். எட்டே வருஷத்தில் அந்த நோய் ஒரு காதல் கதையின் நடுக்கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிற்பாடு எத்தனையோ படம் அதே நோயை எடுத்துக்கொண்டது. 1982-ல் மட்டும் 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் வந்தன. நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அங்கே நோய் முடிவுக்காக வந்தது. ஸ்ரீதர் படத்தில் முதல் காட்சிகளிலேயே வந்துவிடுகிறது.

நேர்மையாகச் சொல்கிறேன், கடைசியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வேணு பிழைத்துக்கொள்கிறான், டாக்டர் இறந்துபோகிறார். அவரைச் சாகடித்திருக்க வேண்டாம். மறுநாள் காலை அவர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருந்தால் எனக்கு இன்னும் வலித்திருக்கும்.

இந்த ஊரில் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும், பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்துவீர்களா, மாட்டீர்களா? நிறுத்தி, குனிந்து, அந்த ஓர் இழையைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுவீர்கள். பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தால், என்னடா சும்மா நிற்கிறான் என்பான். (கைதட்டல்)

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். சகோதரி, உங்கள் பேச்சு எனக்குப் பிடித்தது. ஒரு வேண்டுகோள். இன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு, தேவிகா பாடுகிற அந்த ஒரு பாட்டை மட்டும் போட்டுப் பாருங்கள். வேகத்தைக் கூட்டாமல். பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அவர் எழுந்து போகாமல் இருந்தால், தீர்ப்பை நடுவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள். (சிரிப்பு, கைதட்டல்)