கல்லூரி அறிவியலுக்கு நம் பிள்ளைகள் ஆயத்தமா?

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



 

மேனிலைத் தேர்வில் நன்மதிப்பெண் பெறும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பரிசளித்து மகிழ்கின்றோம். அதே பிள்ளைகளுள் சிலர், பி.எஸ்ஸி. வகுப்பின் முதற் பருவத்திலேயே இரண்டு மூன்று தாள்களில் தவறி, படிப்பைக் கைவிட்டுக் கடைக்கோ வெளிநாட்டிற்கோ சென்றுவிடுகின்றனர். பரிசளித்த நாம், தவறியபோது அவர்களைத் தேடிச் செல்லவில்லை. இக்குறை நம்முடையதே.

மதிப்பெண் வேறு, ஆயத்தம் வேறு. பதினொன்றாம் வகுப்பு வேதியியலின் தொடக்கப் பாடத்திலேயே மோல் கணக்கு வருகின்றது. ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள் உள்ளன என்று தடையின்றி ஒப்பிக்கும் மாணவர், 9 கிராம் தண்ணீரில் எத்தனை மோல் என்று வினவினால் திகைக்கின்றார். ஒரு மோல் தண்ணீர் 18 கிராம். ஆகவே 9 கிராம் என்பது அரை மோல். கல்லூரி ஆய்வகத்தில் கரைசல் தயாரிக்க முற்படும்போதே இக்கணக்குத் தேவைப்படும்.

இக்குறைக்குக் காரணம் என்ன? எந்திரவியல், வெக்டர், நுண்கணிதத் தொடக்கம் யாவும் பதினொன்றாம் வகுப்புப் பாடங்கள். அவற்றை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் வழக்கம் பள்ளிகள் பலவற்றில் இருந்தது. அதனை மாற்றவே 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. பிள்ளைகளின் சுமை குறைந்தது நன்றே. ஆயினும் பழைய வழக்கம் மீளாமல் காக்கும் பொறுப்பு பெற்றோராகிய நமக்கும் உண்டு.

மொழித் தடை மற்றொன்று. தமிழ் வழியில் முடுக்கம், உந்தம், நொதி என்று நன்கு பயின்ற பிள்ளை, கல்லூரியில் ஆக்ஸிலரேஷன், மொமெண்டம், என்ஸைம் என்று கேட்டவுடன், தான் அறிந்ததையே அறியாததாக எண்ணி ஒடுங்கிவிடுகின்றது. அப்பிள்ளைக்கு இல்லாதது அறிவன்று, சொல் மட்டுமே.

ஏறத்தாழ 965-ஆம் ஆண்டில் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னுல் ஹைதம், முன்னோர் கூறினர் என்பதற்காக எதையும் ஏற்காமல், ஒளியின் இயல்பைச் சோதனையால் ஆராய்ந்தவர். அவருடைய பெயரைப் பெருமையுடன் கூறும் நாம், நம் பிள்ளைகளை மனப்பாடத்தோடு நிறுத்திவிடுவது பொருந்துமா?

எனவே ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். மேனிலைத் தேர்வு முடிந்து கல்லூரி திறக்கும்வரை கிடைக்கும் விடுமுறையில், ஆறு வாரங்கள், அஸர் தொழுகைக்குப் பின் மதரஸா கட்டிடத்தில் ஆயத்த வகுப்பு நடத்துவோம். அலகுகள், மடக்கை, வரைபடச் சாய்வு, மோல் கணக்கு ஆகியவற்றைச் செய்து பழகட்டும். கணிதம் எடுக்காமல் தாவரவியல், விலங்கியல் பயின்றோருக்கு இது மிகவும் இன்றியமையாதது. ஒவ்வொருவரும் தமிழ், ஆங்கிலச் சொற்களை எதிரெதிரே எழுதிய குறிப்பேடு ஒன்றை உருவாக்கட்டும். நம் மஹல்லாவின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், பட்டம் பயிலும் இளைஞர்களும் கற்பிக்க முன்வர வேண்டும். மாணவியருக்கு ஆசிரியைகளைக் கொண்டு தனி வகுப்பு நடைபெற வேண்டும். கல்லூரியின் முதல் உள்தேர்வு முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிற்கும் சென்று நலம் விசாரிப்பதைக் கல்விக் குழு தன் கடமையாக ஏற்கும்.

நம் முன்னோர் 1919-இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியையும், 1951-இல் சென்னையில் புதுக்கல்லூரியையும், திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும் நிறுவினர். கல்லூரிகளை எழுப்பும் பெரும்பணியை அவர்கள் செய்து முடித்தனர். உள்ளே நுழையும் பிள்ளை இடையில் திரும்பாமல் காப்பதே நமக்கு எஞ்சியுள்ள பணி. அதற்கு வல்ல நாயன் துணைபுரிவானாக. ஆமீன்.