கடல் கடந்த துன்பச் சொற்கள்

வடமொழிச் சொற்கள் பல தமிழுக்கு வந்ததைப் போலவே கடல் கடந்து இந்தோனேசிய மொழியிலும் குடியேறின. அம்மொழியில் துன்பம் சுட்டும் சில சொற்களை, சிவகாசிப் பக்கத்து எம். புதுப்பட்டி வட்டாரத்தின் வழக்கோடு வைத்துப் பார்ப்பது பயன் தரும்.

‘துக்கா’ என்பது நம் துக்கமே. இழவு வீட்டாரிடம் அவர்கள் ‘பெர்துக்கா சித்தா’ என்பர். நம்மவர் துக்கம் விசாரிப்பர். அன்றாடக் கஷ்டத்துக்கு அங்கே ‘சூசா’. களைப்புக்கும் கடினத்துக்கும் ‘பாயா’. இரண்டையும் சேர்த்து ‘சூசா பாயா’ என்றால், நாம் ‘பாடுபட்டு’ என்பதில் உள்ள உழைப்பும் வருத்தமும் ஒருங்கே தோன்றும்.

‘செங்சாரா’ என்ற சொல்லே பெரிதும் எண்ணத்தக்கது. பிறந்து இறந்து உழலும் சுழற்சியைக் குறித்த ‘சம்சாரம்’ அங்கே தாங்கொணாத் துயராயிற்று. தமிழிலோ இல்லறமாகி, பேச்சில் மனைவியும் ஆயிற்று. (அதையும் துயரென்று நகைப்போர் இங்கு உண்டு; அது வேறு கதை.) கரிசல் காட்டிலோ ‘சம்சாரி’ என்றால் உழவன். கி. ராஜநாராயணன் கதைகளில் அவன் இப்பெயரோடுதான் நடமாடுகிறான். வானம் பார்த்த பூமியில் விதைத்துவிட்டுக் கடனோடு காத்திருப்பவனுக்கு, தீவுகளில் அச்சொல் பெற்ற பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. அச்சம்சாரியின் வீட்டிலிருந்தே பெண்கள் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் கூலிக்குச் சென்றனர். கூலியாளான பின் அவர்களை யாரும் சம்சாரி என்று அழைப்பதில்லை.

இன்னொரு சொல் ‘பெஞ்சானா’. பேரிடர் என்பது பொருள், வேர்ச்சொல் ‘வஞ்சனை’. ஏமாற்று எப்படி இடராயிற்று என்று பண்டிதர்கள் மலைக்கலாம். ‘மழை பொய்த்தது’ என்று சொல்லிப் பழகிய கரிசல் மக்கள் மலைக்க மாட்டார்கள். அவர்களுக்கு வறட்சி என்பது வானம் சொன்ன பொய்.

ஆனால் இடர் எல்லாம் வானத்திலிருந்து வருவதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டி அருகே ரெங்கபாளையத்து வெடிப்பில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் பெண்கள். இவ்வட்டாரத்து வெடிப்புகளை ஆராய்ந்தபோதெல்லாம் உரிமத்தை மீறிய மருந்து, அறை கொள்ளாத ஆட்கள், உள்குத்தகை என்பன மீண்டும் மீண்டும் வெளிப்பட்டுள்ளன. ‘பெஞ்சானா’வின் பழைய பொருள் அங்கே அப்படியே பொருந்தும். செய்தித்தாள்கள் ‘விபத்து’ என்றே அச்சிடுகின்றன.