தாத்தா குரலுக்கு மேல நான் பதிஞ்ச பாட்டு

பூண்டின்னு சொன்னா சென்னையில இருக்கிறவங்களுக்கு ஏரி ஞாபகம் வரும். தஞ்சாவூர் பக்கம் மாதா கோயிலைச் சொல்வாங்க. நான் இன்னைக்குப் பேசப்போறது மூணாவது பூண்டி. கோடைக்கானல்ல பஸ் ஏறி பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி எல்லாம் தாண்டினா வர்ற பூண்டி. அதுக்கு அடுத்து கிளாவரை. அதோட ரோடு முடிஞ்சிடும். மலைச்சரிவுல படிப்படியா வயல், அதுல பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். சாயங்காலம் நாலு மணிக்கே பனிமூட்டம் வாசல்ல வந்து நிக்கும். அதுதான் எங்க அப்பத்தா ஊர்.

இந்த எபிசோட் பழைய பொருட்களைப் பத்தினது. வீட்டுப் பரண்ல கிடக்கிற போட்டோ, கேசட், கடிதம் இதையெல்லாம் எப்படிக் காப்பாத்துறதுங்கிறதைப் பத்தி. ஆனா அதுக்கு முன்னாடி நான் அழிச்ச ஒரு பொருளைப் பத்திச் சொல்லணும்.

எங்க சித்தப்பா எண்பதுகள்ல சவுதிக்கு வேலைக்குப் போனவர். அப்ப ஊர்ல போன் கிடையாது. தாத்தாவுக்கு எழுதப் படிக்க வராது. அதனால கேசட்டுல பேசி அனுப்புவாங்க. அந்தக் காலத்துல வளைகுடாவுக்குப் போன பல குடும்பங்கள்ல இது வழக்கம். யாராவது லீவுல வந்துட்டுத் திரும்பிப் போனா அவங்க கையில ஒரு கேசட். அங்க அதைக் கேட்டுட்டு, பல நேரம் அதே கேசட்டுல பதில் பேசி அனுப்புவாங்க. அதாவது, போன தடவை பேசினது அழிஞ்சாத்தான் இந்தத் தடவை பேச முடியும். அதனாலதான் அந்தக் கேசட்டுகள் இவ்வளவு குறைவா மிஞ்சியிருக்கு.

எங்க வீட்டுல ஒண்ணு மிஞ்சியிருந்தது. 1990-ல தாத்தா பேசினது. தாத்தா 1994-ல தவறிட்டார். கேசட் அப்பத்தாவோட டிரங்குப் பெட்டியில இருந்தது.

2001-ல எனக்கு பன்னிரண்டு வயசு. லீவுக்கு பூண்டிக்குப் போயிருந்தேன். கோடை எஃப்எம், 100.5, கேட்டவங்களுக்குத் தெரியும். அதுல பாட்டுப் போடுவாங்க. எனக்குப் பாட்டைப் பதிஞ்சு வச்சுக்கணும், கையில காலி கேசட் இல்லை. பெட்டியைத் திறந்தேன், ஒண்ணு கிடைச்சது.

கேசட் பாக்காதவங்களுக்காக ஒரு விஷயம் சொல்றேன். கேசட்டோட மேல் விளிம்புல ரெண்டு ஓரத்துலயும் சின்னதா பிளாஸ்டிக் காது மாதிரி இருக்கும். அதை உடைச்சுட்டா, அந்தக் கேசட்டுல மறுபடி பதிய முடியாது. ரெக்கார்டு பட்டன் அமுங்காது. முக்கியமான கேசட்டை அப்படி உடைச்சு வைப்பாங்க. ஆனா அந்த ஓட்டைமேல செலோ டேப்பை ஒட்டினா பட்டன் மறுபடி அமுங்கும். இது எங்க தலைமுறையில எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரிஞ்ச திருட்டுத்தனம்.

நான் எடுத்த கேசட்டுல காது ரெண்டும் உடைஞ்சிருந்தது. யாரோ இதைப் பத்திரமா வைக்கணும்னு நினைச்சிருக்காங்கன்னு அது எனக்குச் சொல்லியிருக்கணும். நான் செலோ டேப் ஒட்டிட்டேன். ஏ பக்கம் முழுக்கப் பாட்டு, பி பக்கத்துலயும் பாட்டு.

போன வருஷம் வரைக்கும் இதை நான் யார்கிட்டயும் சொல்லலை. எனக்கே மறந்துபோச்சுன்னு நினைச்சிருந்தேன். சென்னையில ஒரு நாள் தோழி ஒருத்தி அவளோட அப்பா குரல் இருக்கிற பழைய வாட்ஸ்அப் ஆடியோவைப் போட்டுக் காட்டினா. அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. அந்த வார லீவுல பஸ் ஏறிட்டேன்.

அழிஞ்சதை மீட்க முடியுமான்னு முதல்ல தேடினேன். முடியாது. டேப் ரெக்கார்டர்ல பதியுற ஹெட்டுக்கு முன்னாடியே அழிக்கிற ஹெட் ஒண்ணு இருக்கு. நாடா முதல்ல அதைத் தொட்டுத்தான் வரும். பழசு துடைச்சுப் போன பிறகுதான் புதுசு பதியும். பாட்டுக்கு அடியில தாத்தா ஒளிஞ்சிருக்க வாய்ப்பே இல்லை.

ஆனா நான் பி பக்கத்தை முழுசாப் பதியலை. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் நிறுத்தியிருக்கேன். அறுபது நிமிஷக் கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது. கடைசியில நாலு நிமிஷம் மிச்சம் இருந்தது.

கேசட்டைப் போடுறதுக்கு முன்னாடி ஜன்னல் வெளிச்சத்துல வச்சு நாடாவைப் பாத்தேன். மலை ஊர், ஈரம் அதிகம், பூஞ்சை பிடிக்கும். நாடா ஓரத்துல வெள்ளையா பொடி தெரிஞ்சா போடவே கூடாது. அந்தப் பூஞ்சை பிளேயர் ஹெட்டுலயும் ஒட்டிக்கும், நாடாவும் கெடும். அப்படியிருந்தா தெரிஞ்ச ஆளிடம் கொடுத்துச் சுத்தம் பண்ணணும். எங்க கேசட் தப்பிச்சிருந்தது. பென்சிலை விட்டுச் சுத்தி நாடாவை இறுக்கினேன். கடைசி வரைக்கும் ஒரு தடவை ஓட்டி, திரும்பச் சுத்தினேன். ஒரு பழைய வாக்மேன், ஒரு ஆக்ஸ் வயர், லேப்டாப்பில ஆடாசிட்டின்னு ஒரு இலவச மென்பொருள். அவ்வளவுதான் கருவி. முதல் தடவை ஓடும்போதே பதிவு பண்ணிடணும், ஏன்னா ரெண்டாவது தடவை ஓடும்னு உத்தரவாதம் இல்லை. எம்பி3-யா சுருக்காம வேவ் ஃபைலா வைக்கணும்.

அப்பத்தா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. பாட்டு முடிஞ்சது. ஒரு 'டக்'. அப்புறம் தாத்தா.

(பதிவிலிருந்து சில விநாடிகள் இங்கே ஒலிக்கின்றன.)

பாதி வாக்கியத்துல இருந்து ஆரம்பிக்குது. "...வெலை பரவால்லப்பா. ராசாத்தி ஓடையத் தாண்டிப் போயிட்டா, ரெண்டு நாளாக் காணோம், இன்னைக்குத்தேன் வந்தா. ஒங்கம்மாவப் பேசச் சொன்னா பேச மாட்டேங்குறா, மிஷினப் பாத்தா வெக்கமாம்." பின்னாடி ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம். ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

ராசாத்தி யாருன்னு எனக்குத் தெரியாது. ஒரு பெண் வீட்டை விட்டுப் போய் ரெண்டு நாள் கழிச்சு வந்திருக்கா, குடும்பத்துல யாரும் பேசாத ஏதோ கதைன்னு என் மனசு ஓடிருச்சு. அப்பத்தாகிட்டத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ஏ தாயி, அது நம்ம செவலைப் பசுடி!"

சிரிச்சு முடிச்சதும் அப்பத்தா சொன்னாங்க, "அழுகுறது யாருன்னு நெனைக்கிற? நீதேன்."

நான் இன்னைக்குச் சொல்ல வந்த விஷயம் இதுதான். அந்த நாலு நிமிஷத்தை நான் எவ்வளவு உயர்ந்த தரத்துல பதிஞ்சிருந்தாலும், அப்பத்தா பக்கத்துல இல்லைன்னா ராசாத்தி ஒரு ஓடிப்போன பெண்ணாவே என் குடும்ப வரலாற்றுல இருந்திருப்பா. பொருளைக் காப்பாத்துறது பாதி வேலை. அது என்னன்னு சொல்ற ஆளோட பேச்சைக் காப்பாத்துறது மீதிப் பாதி. பொருள் இன்னும் முப்பது வருஷம் தாங்கலாம். ஆள் தாங்க மாட்டாங்க.

கோடைக்கானல்ல சூரியனை ஆராயுற வானாய்வகம் இருக்கு, 1899-ல ஆரம்பிச்சது. 1904-லிருந்து நூறு வருஷத்துக்கும் மேல சூரியனைத் தினமும், மேகம் இல்லாத நாளெல்லாம், படம் பிடிச்சு வச்சிருக்காங்க. முதல்ல கண்ணாடித் தட்டுல, பிறகு பிலிம்ல. பெங்களூர்ல இருக்கிற இந்திய வானியற்பியல் நிறுவனம் அதையெல்லாம் டிஜிட்டல் ஆக்கியிருக்கு. உலகம் பூரா விஞ்ஞானிகள் அதை இன்னைக்கும் பயன்படுத்துறாங்க. ஏன் பயன்படுது? ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் நேரமும் குறிச்சிருக்கு. அந்தக் குறிப்பு இல்லைன்னா அது வெறும் வட்டம். நம்ம வீட்டுப் போட்டோவும் அப்படித்தான். பின்பக்கம் ஒண்ணும் எழுதலைன்னா ரெண்டு தலைமுறை கழிச்சு அது வெறும் முகம்.

எதை வைக்கிறது, எதைத் தூக்கிப் போடுறதுங்கிற குழப்பமும் வரும். கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர். பெயர்ப்பலகை எழுதுற ஓவியர். புத்தகம், பத்திரிகையோட நிக்காம கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேத்தார். அவர் 1992-ல காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, தமிழ்நாட்டுலயே இருக்கணும்னு சென்னையில வச்சது. 1994-ல தொடங்கின ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அப்படி வந்ததுதான். அதனால உங்க வீட்டுல இருக்கிற பழைய பத்திரிகை, ரேஷன் கார்டு, பால் கணக்கு நோட்டை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை புரட்டிப் பாருங்க.

இப்ப செய்ய வேண்டியதைச் சுருக்கமாச் சொல்லிடுறேன். போட்டோவை மொபைல்ல எடுத்தா ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும், மொபைல் சாயாம நேரா இருக்கணும். ஸ்கேனர் இருந்தா சின்னப் படத்துக்கு 600 டிபிஐ வைங்க. ஃபிரேம் கண்ணாடியில ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீங்க, கண்ணாடியோடவே எடுங்க. பின்னாடி பேர் எழுதுறதுக்கு மெல்லிசா பென்சில், பேனா வேண்டாம். சொந்தக்காரங்களுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பும்போது டாக்குமென்டா அனுப்புங்க, இல்லைன்னா படம் சுருங்கிடும். ஃபைலை ஒரே இடத்துல வைக்காம மூணு பிரதி எடுங்க. அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கட்டும். எல்லாத்தையும்விட முக்கியம், படத்தைப் பெரியவங்க கையில கொடுத்துட்டு மொபைல் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. "இது யாரு?"ன்னு மட்டும் கேட்டுட்டு சும்மா இருங்க. அவங்களே பேசுவாங்க.

அவங்க வேண்டாம்னா விட்டுடணும். அப்பத்தா பெட்டியில ஒரு கடிதம் இருந்தது. "அத மட்டும் எடுக்காத"ன்னாங்க. எடுக்கலை. இன்ஸ்டாவுல போடுறதுக்கு முன்னாடியும் கேளுங்க.

நான் தாமதமாப் போனதுக்கு ஒரு விலையும் இருக்கு. அதே பெட்டியில ஒரு ஸ்டூடியோ படம். பின்னாடி வரைஞ்ச திரை, முன்னாடி நாலு பேர். மூணு பேரை அப்பத்தா சொல்லிட்டாங்க. நாலாவதா நிக்கிற பொண்ணைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. "தெரிஞ்ச மொகந்தேன். போன வருசம் கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பேன்." அவங்க வயசுல இருந்தவங்க ஊர்ல இப்ப யாரும் இல்லை. அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்லை.

சித்தப்பாவுக்கு போன் பண்ணி நான் செஞ்சதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார், "அந்தக் காதை உடைச்சது நான்தாம்மா. அப்பா போனதுக்கப்புறம் உடைச்சேன்." திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்தது. நாலு நிமிஷத்தை அனுப்பினேன். இப்ப அதுதான் அவர் மொபைல்ல முதல்ல இருக்கு.

கிளம்புற அன்னைக்கு, இவ்வளவு நாள் பெட்டியைத் திறக்காமலே வச்சிருந்தீங்களேன்னு அப்பத்தாகிட்டக் கேட்டேன். அடுப்புக்கு மேல கட்டித் தொங்கின விதைப்பூண்டைக் காட்டினாங்க. 2019-ல புவிசார் குறியீடு வாங்கின அதே கொடைக்கானல் மலைப்பூண்டு. "அதை ரெண்டு வருசம் எடுக்காம வச்சுப் பாரு, தோலு மட்டுந்தேன் இருக்கும். வச்சா நட்டுப்புடணும் தாயி. கேக்க ஆளு வரலை, அதேன் வச்சிருந்தேன்."

இந்த வாரம் ஒரே ஒரு படம், ஒரே ஒரு ஆள், ஒரு கேள்வி. அதை மட்டும் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.