இரண்டாம் முறை எப்போது?

1968-இல் அமெரிக்காவில் வில்லியம் மெக்கியூனும் அவருடைய குழுவினரும் எண்டோஸ்கோப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய குழாயை ஒட்டி, சிறுகுடலின் தொடக்கத்தில் பித்தநாளம் வந்து திறக்கும் வாயைத் தேடினார்கள். பாதிப் பேரிடம்தான் குடலின் அந்தப் பகுதியையே எட்ட முடிந்தது. எக்ஸ்ரே படம் கிடைத்ததோ நால்வரில் ஒருவருக்கு. இன்று இ.ஆர்.சி.பி. என்று சர்வசாதாரணமாகச் சொல்லப்படும் சிகிச்சை இப்படித்தான் பிறந்தது. 1974-இல் ஜெர்மனியில் கிளாசனும் ஜப்பானில் கவாயும் தனித்தனியே அந்த வாயின் தசையை உள்ளிருந்தபடியே வெட்டிக் காட்டினார்கள். பித்தநாளக் கல்லுக்கு வயிற்றைத் திறக்கும் தேவை குறைந்தது. தேர்ந்த மருத்துவர் பத்து நோயாளிகளில் ஒன்பது பேரிடமாவது நாளத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது இன்றைய அளவுகோல்.

மிஞ்சும் அந்த ஒருவரைப் பற்றியது இந்தக் கருத்தரங்கு.

முதல் முறை ஏன் முடியவில்லை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மயக்கம் போதாமல் நோயாளி புரண்டிருக்கலாம். வாய்க்குப் பக்கத்தில் குடல் பைபோலப் புடைத்து, திறப்பை மறைத்திருக்கலாம். பழைய இரைப்பை அறுவையால் வழியே மாறியிருக்கலாம். புற்றுநோய்க் கட்டி குடலையே அடைத்திருந்தால், அதே வழியில் மறுபடி போவது வீண்வேலை. ஆனால் அறிக்கைகளில் பெரும்பாலும் காணக்கிடைப்பது ஒரே வரி: ‘முயன்றோம், இயலவில்லை’. அடுத்து வரும் மருத்துவருக்கு அதைவிடப் பயனற்ற வரி இல்லை.

எங்கே நிறுத்துவது? ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2016-இல் ஓர் எல்லை வகுத்தது. வாயை ஐந்து முறைக்கு மேல் தொட்டாலோ, ஐந்து நிமிடத்துக்கு மேல் போராடினாலோ, வழிகாட்டும் கம்பி தவறி ஒன்றுக்கு மேற்பட்ட முறை பக்கத்திலேயே திறக்கும் கணைய நாளத்துக்குள் போனாலோ, அது கடினமான நுழைவு. அதற்குப் பிறகும் அதே முறையில் குத்திக்கொண்டிருப்பதன் விலையைக் கணையம் கொடுக்கிறது. இந்தச் சிகிச்சைக்குப் பின் கணைய அழற்சி வரும் ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2012-இல் வெளியானது. ஆசனவாய் வழியே இண்டோமெதசின் மாத்திரை வைத்தவர்களில் 9.2 சதவீதத்தினருக்கும், வைக்காதவர்களில் 16.9 சதவீதத்தினருக்கும் அழற்சி வந்தது. மலிவான மருந்து பெரிய வேலை செய்கிறது என்பது உண்மைதான். மருந்து வைத்தும் நூறில் ஒன்பது பேர் தப்பவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது.

நாளத்துக்குள் நுழையும் முன்பே வாயை ஊசிக்கத்தியால் வெட்டி வழி தேடும் ‘முன்வெட்டு’ போட்டும் நுழைய முடியாத நோயாளிதான் இங்கே முக்கியமானவர். வெட்டிய இடம் வீங்கிவிடும், இரத்தம் கசியும், திறப்பு கண்ணில் படாது. அன்றே மல்லுக்கட்டாமல் இரண்டு முதல் நான்கு நாள் விட்டுத் திரும்பிப் போனால் வீக்கம் வடிந்து, சில சமயம் பித்தம் சொட்டுவதே வழிகாட்டும். இப்படிப்பட்ட இரண்டாம் முயற்சிகளில் பெரும்பாலானவை வெற்றி பெறுவதாகப் பல மையங்கள் பதிவு செய்திருக்கின்றன. நிறுத்தியதைத் தோல்வி என்று எழுதும் பழக்கத்தை இந்தத் துறை மாற்றிக்கொள்வது நல்லது.

காத்திருப்பு எல்லோருக்கும் பொருந்தாது. பித்தநாளத்தில் சீழ் பிடித்து இரத்த அழுத்தம் விழுந்தவருக்குக் கெடு 12 மணி நேரம்தான். அவருக்கு விலாப்பக்கத்தில் தோலைத் துளைத்துக் கல்லீரல் வழியே குழாய் வைப்பதோ, மார்செய் நகரில் ஜியோவானினி 2001-இல் காட்டியதைப் போல அல்ட்ராசவுண்ட் எண்டோஸ்கோப்பால் குடலிலிருந்தே நாளத்தைத் துளைப்பதோதான் வழி. இரண்டும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை.

ஆகவே இந்த அமர்வு தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இரண்டாம் முறையை அதே மருத்துவர் செய்வதா, அனுபவம் கூடிய வேறொரு மையத்துக்கு அனுப்புவதா? அனுப்புவதென்றால் கூடவே போக வேண்டியவை: வாயின் புகைப்படம், முன்வெட்டு எந்தத் திசையில் எவ்வளவு போனது என்ற குறிப்பு, கணைய நாளத்தில் ஸ்டென்ட் வைக்கப்பட்டதா என்ற தகவல், பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் படம். அவற்றை ஒரே தாளில் அடக்கும் படிவத்தை இன்று மாலைக்குள் வரைந்து முடிப்பதுதான் இந்த அவையின் முதல் வேலை.