ஆராய்ச்சி நிதி: நம் ஆசிரியர்கள் ஏன் கேட்பதில்லை?

(சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய கலந்துரையாடலில் கல்விக் குழு சார்பில் ஆற்றப்பட்ட உரை)





போன வருடம் இதே மண்டபத்தில் கூடியபோது ஒரு கேள்வி கேட்டோம். உங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்றோம். ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயர்ந்தன, அல்ஹம்துலில்லாஹ். பட்டம் பெற்ற பிறகு ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு ஒரு முறையாவது விண்ணப்பித்தவர்கள் எத்தனை பேர் என்றோம். மூன்று கைகள்தான் இருந்தன. அந்த மூன்றில் ஒன்று, பாதி எழுதி விட்டுவிட்ட விண்ணப்பம்.

அன்று இரவு நாங்கள் உட்கார்ந்து யோசித்தோம். பணம் இல்லாததுதான் காரணமா? இல்லை. நம் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கொடுத்தோம், புத்தகம் கொடுத்தோம். அவர்கள் படித்து ஆசிரியராகி வேலையில் சேர்ந்ததும் 'முடிந்தது' என்று கையைத் துடைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதே இல்லை. தவறு எங்கள் பக்கமும் உண்டு.

முதலில் நம் வட்டாரத்து விஷயம் ஒன்றைச் சொல்கிறோம். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கம் நிலம் வைத்திருப்பவர்களுக்குக் குச்சிக்கிழங்கைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை. சேகோ ஆலைகளும், 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமும், நம்மில் பல குடும்பங்களின் வியாபாரமும் அந்தக் கிழங்கை நம்பித்தான் இருக்கின்றன. 2020இல் கேரளாவில் திருச்சூர்ப் பக்கம் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். கொஞ்ச நாளில் அது நம் மாவட்டங்களுக்கும் வந்துவிட்டது. நுனிக் குருத்து சுருண்டு கொத்தாகிவிடும், செடி வளராது, கிழங்கு பருக்காது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் சலித்துப் போனார்கள்.

இந்தப் பூச்சியின் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1970களில் அது ஆப்பிரிக்காவுக்குப் போய்க் கிழங்கையே சோறாக உண்ணும் ஜனங்களைப் பட்டினியின் விளிம்பில் நிறுத்தியது. அங்கே ஹான்ஸ் ஹெரன் என்ற ஆய்வாளரின் குழு மருந்தைத் தேடவில்லை, இந்தப் பூச்சிக்கு எதிரி எது என்று தேடியது. 1981இல் பராகுவே நாட்டில் பூச்சியும் கிடைத்தது, அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சின்னஞ்சிறு குளவியும் கிடைத்தது. ஈயை விடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. பல நாடுகளும் பன்னாட்டு அமைப்புகளும் கொடுத்த நிதியில் அதை வளர்த்து ஆப்பிரிக்கா முழுக்க விட்டார்கள். ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை 2021இல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள ஆய்வகம் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, தனிமைப்படுத்திச் சோதித்துப் பெருக்கியது. 2022 மார்ச் மாதம் நம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில், விவசாயிகள் முன்னிலையில் முதன்முதலாக வயலில் விட்டார்கள்.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறோம்? பராகுவேயில் தொடங்கிய ஒரு ஆராய்ச்சி நம் ஏத்தாப்பூரில் வந்து நிற்கிறது. ஆனால் அது அங்கே முடிந்துவிடவில்லை. நம் கோடை வெயிலில் அந்தக் குளவி தாக்குப்பிடிக்கிறதா? பக்கத்து வயல்காரர் பழைய பழக்கத்தில் மருந்தடித்தால் குளவி பிழைக்குமா? இவை விலங்கியல் ஆசிரியரின் கேள்விகள். பூச்சி வந்த வருடங்களில் குத்தகை விவசாயி எவ்வளவு கடன் பட்டார், யாரிடம் பட்டார்? இது பொருளாதாரம். கிழங்கு வரத்து குறைந்தபோது சேகோ ஆலையில் வேலை பார்த்த பெண்கள் எங்கே போனார்கள்? இது சமூகவியல். ஒரு பூச்சி, மூன்று துறைகள், மூன்று விண்ணப்பங்கள்.

ஆனால் நம்மிடம் வந்த வரைவுகள் எதைப் பற்றி இருந்தன தெரியுமா? பெரும்பாலும் நானோ துகள்கள். அவரவர் முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை நீட்டி எழுதியவை. நானோ தப்பில்லை. ஆனால் அதே தலைப்பில் ஐ.ஐ.டி.யிலிருந்தும் ஒருவர் அனுப்புவார். மதிப்பீட்டாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்குக் கொடுப்பார்? 'இதை ஏன் நீங்கள் செய்ய வேண்டும்?' என்ற கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடிய வேண்டும். சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரரின் நுரையீரல், நாமக்கல் லாரி டிரைவரின் தூக்கம், கோழிப்பண்ணை எருவும் கிணற்றுத் தண்ணீரும், இளம்பிள்ளைத் தறிக்காரரின் கூலி, சேகோ ஆலைக் கழிவுநீர் என எதை எடுத்தாலும் சரி. இந்த இடங்களுக்கு டவுன் பஸ்ஸில் போய்விட்டு மாலையில் வீடு திரும்புகிறவர் நீங்கள். டெல்லிக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

எங்கள் குழுவில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். அவருடைய விண்ணப்பம் இரண்டு முறை 'புதுமை இல்லை' என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை தமிழ்நாடு முழுவதும் என்பதை விட்டுவிட்டு, ராசிபுரம் பக்கத்தில் ஐந்து ஊர்க் கிணறுகள், பன்னிரண்டு மாதம், மாதம் ஒரு முறை மாதிரி எடுப்பது என்று சுருக்கினார். கிடைத்தது. திரும்பி வந்த விண்ணப்பத்தைப் பீரோவில் போட்டுப் பூட்டாதீர்கள். மதிப்பீட்டாளர் குறிப்புகள் கோபம் வரவழைக்கும்தான். ஒரு வாரம் கழித்து மறுபடி படித்தால் பாதி சரியாகத்தான் இருக்கும்.

சரி, நிதி எங்கே இருக்கிறது? அறிவியலுக்கு முன்பு சர்ப் என்ற வாரியம் இருந்தது. 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அதன் இடத்தில் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் (ஏ.என்.ஆர்.எஃப்.) வந்திருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்பது திட்டம். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எனவே முழுத் தொகையும் கண் முன்னே இருப்பதாக எண்ண வேண்டாம். பணியின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு அதில் தனித் திட்டம் உண்டு, வயது வரம்பு 42. சர்ப் காலத்தில் வந்த 'டேர்' என்ற திட்டம் நம் போன்ற கல்லூரி ஆசிரியர்களுக்காகவே வகுக்கப்பட்டது. சொந்தக் கல்லூரியில் வேலையில் இருந்துகொண்டே, வருடத்தில் சில மாதங்கள் ஐ.ஐ.டி. போன்ற ஒரு பெரிய நிறுவனத்தின் ஆய்வகத்தில் போய் வேலை செய்யலாம். அப்படிப்பட்ட அறிவிப்பு வரும்போது விடாதீர்கள்.

கலை, சமூகவியல், வணிகவியல் ஆசிரியர்கள் 'நமக்கெல்லாம் யார் கொடுப்பார்கள்' என்கிறார்கள். 1969இலிருந்து இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு (ஐ.சி.எஸ்.எஸ்.ஆர்.) இருப்பதே உங்களுக்காகத்தான். வரலாற்றுத் துறைக்கு ஐ.சி.எச்.ஆர். உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் பணியில் இருப்பவர்களுக்கும் 10 லட்சம் ரூபாய் வரையிலான மானியங்களை அறிவித்தது. மாநில அளவில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றமும், உயர்கல்வி மன்றமும், முதலமைச்சர் பெயரிலான ஆராய்ச்சி மானியத் திட்டமும் இருக்கின்றன.

அறிவிப்பைப் பார்த்ததும் தலைப்பைத் தேடாதீர்கள். முதலில் உங்கள் கல்லூரிக்குத் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்), 12(பி) அங்கீகாரம் இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பல திட்டங்களுக்கு அது இல்லாமல் கதவே திறக்காது. நம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியருக்கே இது தெரியாமல் இருப்பதைக் கண்டோம். இல்லையென்றால் அங்கீகாரம் உள்ள கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்திலோ உள்ள நண்பரை முதன்மை ஆய்வாளராக வைத்து, விதி இடம் தந்தால் நீங்கள் இணை ஆய்வாளராகச் சேரலாம். இதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

'எங்களிடம் கருவி இல்லையே' என்ற புலம்பல் இன்னொன்று. 40 லட்சத்துக்குக் கருவி கேட்டு எழுதினால் சின்னக் கல்லூரிக்குக் கொடுக்க யோசிப்பார்கள். கருவியைச் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள சைஃப் மையத்தில் கட்டணம் கட்டிப் பயன்படுத்தலாம். ஐ-ஸ்டெம் என்ற அரசுத் தளத்தில் எந்த ஊரில் எந்தக் கருவி இருக்கிறது என்று பார்க்கலாம். விண்ணப்பத்தில் அந்தக் கட்டணத்தையும் பயணச் செலவையும் கேளுங்கள். ஆய்விதழ்களும் அப்படித்தான். 2025 ஜனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரிக்கு இப்போதைக்கு இல்லை. சேலம் அரசுக் கலைக் கல்லூரியிலோ நாமக்கல் அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரியிலோ பணிபுரியும் நண்பரோடு ஒரு டீ குடித்தால் விஷயம் முடிந்துவிடும்.

இப்போது கசப்பான ஒரு சம்பவம். நமக்குத் தெரிந்த ஒரு தம்பி. பெயரும் கல்லூரியும் வேண்டாம். நல்ல கேள்வி, நல்ல வரைவு. நாங்களே படித்துப் பார்த்தோம். வயது வரம்பைச் சில மாதங்கள் தாண்டியிருந்தார். பிற்படுத்தப்பட்டோருக்குத் தளர்வு உண்டு என்பதால் கவலைப்படவில்லை. அவரிடம் இருந்தது மாநில அரசின் பி.சி. முஸ்லிம் சான்றிதழ். அவர்கள் கேட்டது மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ். இரண்டும் வேறு வேறு. கடைசித் தேதிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போதுதான் அது தெரிந்தது. அதற்குள் சான்றிதழ் வாங்க முடியவில்லை. அடுத்த அறிவிப்பு வரும்போது தளர்வின் எல்லையையும் தாண்டிவிட்டார். அவர் இன்று இங்கே வரவில்லை. வந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டோம். எங்களிடம் வரைவைக் கொடுத்தபோது மொழியையும் வரவுசெலவையும் திருத்தினோமே தவிர, சான்றிதழைக் கொண்டு வா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எனவே இன்றே செய்ய வேண்டியது: உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழைத் தயாராக வையுங்கள். முதல்வரின் ஒப்புதல் கடிதத்தையும் இரண்டு வாரம் முன்னதாகவே வாங்கிவிடுங்கள். கடைசி நாள் மாலையில் முதல்வர் வெளியூரில் இருப்பார், தளமும் திணறும். இது எல்லாக் கல்லூரிக்கும் பொது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. கல்யாணம், பிள்ளைப்பேறு என்று சில வருடம் விட்டுப்போனதால் 'இனி நமக்கு எங்கே' என்று ஒதுங்கிவிடுகிறீர்கள். அப்படி விட்டுப்போனவர்கள் திரும்பி வருவதற்கென்றே மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையில் வைஸ்-கிரண் என்ற திட்டம் இருக்கிறது. வீட்டுக்காரர்களிடமும் சொல்கிறோம்: விண்ணப்பம் எழுதுகிற அந்த ஒரு மாதம் சமையலறையில் கொஞ்சம் கை கொடுங்கள். சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கு 2009 முதல் இருந்துவந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். அதை நம்பியிருந்த நம் பெண் பிள்ளைகள் பலர். ஆசிரியரான நீங்கள் ஒரு ஆய்வுத் திட்டம் வாங்கினால் அதில் ஆய்வு உதவியாளர் ஒருவருக்கு ஊதியம் கேட்க இடம் உண்டு. முறையாக விளம்பரம் செய்து, நேர்காணல் வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் அந்த ஓர் இடமாவது நம் ஊரில் உருவாகும்.

கிடைத்த பிறகு அந்தப் பணம் அமானத். ஒவ்வொரு பில்லும் கோப்பில் இருக்க வேண்டும். பயணத்துக்குக் கொடுத்ததைக் கருவிக்குச் செலவழிக்கக் கூடாது, வேண்டுமென்றால் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். வருடா வருடம் ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பவில்லை என்றால் அடுத்த தவணை வராது. பிறகு உங்கள் கல்லூரியில் விண்ணப்பிக்கும் அடுத்தவருக்கும் சிக்கல். ஜமாஅத் கணக்கு எழுதுகிற பெரியவர்களிடம் இதை உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. அப்புறம், 'நாங்கள் எழுதித் தருகிறோம், நிதி நிச்சயம், முன்பணம் கட்டுங்கள்' என்று தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு ஒரு பைசா கொடுக்காதீர்கள்.

எங்கள் பங்குக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். முன்னோட்ட ஆய்வுக்கு, அதாவது நாலு ஊர் போய்வர, பத்து மாதிரிகளைப் பரிசோதிக்க, ஆகும் சின்னச் செலவை அறக்கட்டளை ஏற்கும். ஜகாத் நிதியை இதற்குத் தொடமாட்டோம், அதற்கு உரியவர்கள் வேறு. லில்லாஹ்வாக வந்த பொது நன்கொடையிலிருந்துதான் கொடுப்போம். ஒவ்வொரு மாதமும் இரண்டாம் ஞாயிறு லுஹர் தொழுகைக்குப் பிறகு, ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் மூவர் சேலம் அலுவலகத்தில் வரைவுகளைப் படித்துச் சொல்வார்கள். எந்த சமுதாயத்து ஆசிரியரும் வரலாம். முதல் தடவை முழு விண்ணப்பம் வேண்டாம். ஒரே ஒரு பக்கம் போதும்: கேள்வி என்ன, எந்த ஊர், யாருக்கு உதவும், எவ்வளவு ஆகும். அதோடு சான்றிதழ்களின் நகலும் கட்டாயம். இந்த முறை அதைத்தான் முதலில் பார்ப்போம்.