பக்கத்தில் இருங்கள்

(மட்டக்களப்பு படுவான்கரையில் நடந்த சங்கக் கூட்டத்தில் பேசியது)



நான் வாவிக்கரைப் பிள்ளை. மலையகத்துத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையை விட்டு வந்த குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். சம்பளத்தைப் பற்றித் தலைவர் பேசுவார். நான் வேறொன்று பேசுகிறேன்.

என் சிநேகிதி ஒருத்தி கொழுந்து பறிக்கிறவள். மூன்று இடத்தில் குழுக்கடன். ஒருநாள் மகளின் கொலுசைக் கொண்டுவந்து, "நீங்களே வச்சிருங்க டீச்சர், புள்ள பெருசானதும் குடுங்க" என்றாள். வாங்கி வைத்துவிட்டேன். இரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

அப்படியே எழும்பி லயத்துக்குப் போனேன். "செத்துப்போகலாம் என்று நினைக்கிறியா?" என்று நேராகவே கேட்டேன். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி இல்லை. அவள் அழுதாள், பிறகு பேசினாள். நான் புத்தி சொல்லவில்லை. "புள்ளைகளை நினைச்சுப் பார்" என்றும் சொல்லவில்லை; நினைத்து நினைத்துத்தானே அங்கே வந்து நின்றாள்! "யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள். அந்த வாக்கை மட்டும் கொடுக்கவில்லை. விடிந்ததும் அவளுடைய அக்காவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போனோம். கடன்காரரிடம் பிறகு சங்கம் பேசியது.

1995 அளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் இப்படி உயிரை விட்டார்கள். உலகிலேயே மிகக் கூடிய வீதங்களில் அது ஒன்று. அதன்பின் கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பரகுவாட்டும் போனது. வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. யுத்தம் 2009 வரை இருந்தது, வறுமை இன்றைக்கும் இருக்கிறது. குறைந்தது கைக்கெட்டிய நஞ்சுதான். அந்த நேரத்து வேகம் தணிகிறது, தணிந்தவர் பிழைக்கிறார். ஆகவே மருந்துப் போத்தலை வீட்டில் வைக்காதீர்கள். தோட்ட ஸ்டோருக்குப் பூட்டு இருக்கிறதா என்று கேட்பதும் சங்க வேலைதான்.

பொலிஸ் வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்காதீர்கள். தற்கொலை முயற்சி குற்றமில்லை என்று 1998இலேயே சட்டம் மாறிவிட்டது.

1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழில் பேசலாம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. பக்கத்தில் இருக்கிறவரும் எடுக்கலாம். நானும் எடுத்திருக்கிறேன்.

கொலுசைப் போன தைப்பொங்கலுக்கு அவளே வந்து வாங்கிப் போனாள்.