கடைசி ஏழு பேர்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகும் நான்குவழிச் சாலையில் பயணம் செய்தவர்களுக்கு நாங்குநேரி தெரிந்திருக்கும். வானமாமலைப் பெருமாள் கோயில் இருக்கிற ஊர். அந்த ஊர்ப் பக்கம் ஒரு பெரும் பொட்டல் கிடக்கிறது. உடைமரமும் பனையும் நிற்கும், ஆடு மேயும். ஏறத்தாழ 2,500 ஏக்கர். 2000-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே உயர்தொழில்நுட்பப் பூங்கா வரப்போகிறது என்றார்கள். பிறகு அதையே சிறப்புப் பொருளாதார மண்டலம் என்றார்கள். இரண்டு பெரிய கட்சிகளும் மாறி மாறி ஆண்டன. தேர்தல்தோறும் அந்த இடத்தின் பெயர் மேடையில் ஏறியது, ஓட்டு எண்ணி முடிந்ததும் இறங்கியது. சொன்ன அளவுக்கு அங்கே தொழிற்சாலை வரவில்லை.

அந்த அறிவிப்பு வந்த வருஷம் பிறந்த பிள்ளை இன்று இருபத்தைந்து வயதைத் தொட்டிருப்பான். ஐடிஐ முடித்துவிட்டு, 600 கிலோமீட்டருக்கு அப்பால், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் நைட் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருப்பான். பொங்கலுக்கு ஊருக்கு வருவான்.

தொழில் கொண்டுவருவேன், வேலை தருவேன் என்று சொல்கிற அரசியல்வாதிகள் சொன்னதைச் செய்கிறார்களா என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன். 'அவர்கள் எப்போதுமே இப்படித்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்துக்கு வானொலியில் நல்ல பாட்டு போடச் சொல்லலாம். ஆனால் அந்த ஒரு வரி உண்மையில்லை.

முதலில் எண்களைப் பார்ப்போம். 2015 செப்டம்பரில், ஜெயலலிதா முதலமைச்சராக இருந்தபோது, சென்னையில் முதல் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்தது. 98 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 2 லட்சத்து 42 ஆயிரம் கோடி ரூபாய். 2019 ஜனவரியில் எடப்பாடி பழனிசாமி நடத்திய மாநாட்டில் 304 ஒப்பந்தங்கள், 3 லட்சம் கோடி, பத்தரை லட்சம் வேலை. 2024 ஜனவரியில் மு.க. ஸ்டாலின் நடத்திய மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6 லட்சத்து 64 ஆயிரம் கோடி. வேலை எத்தனை தெரியுமா? 26,90,657.

இந்தக் கடைசி எண்ணைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். இருபத்தாறு லட்சம் சரி, தொண்ணூறாயிரமும் சரி. அந்த 657-இல் கடைசி ஏழு பேர் யார்? இன்னும் கட்டாத ஆலையில், இன்னும் வாங்காத இயந்திரத்துக்கு முன்னால், எட்டாவது ஆள் நிற்க மாட்டார் என்று யார் எண்ணிச் சொன்னது? கணக்கு துல்லியமாக இருந்தால் நம்பிக்கை தானாக வருகிறது. மளிகைக் கடைக்காரர் நூறு ரூபாய் என்று சொல்லாமல் தொண்ணூற்றேழு ரூபாய் என்று சொல்வது போல. அதிலும் சரிபாதிக்குக் கொஞ்சம் குறைவாக 'மறைமுக வேலை'. டீக்கடை, லாரி, வாடகை வீடு எல்லாம் சேர்த்து ஒரு பெருக்கல் போட்டு வருகிற எண் அது.

புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது. பெண் பார்த்துவிட்டு, 'எங்களுக்குப் பிடித்திருக்கிறது, கலந்து பேசிச் சொல்கிறோம்' என்று காப்பி குடித்துவிட்டுப் போவதுபோல. நிச்சயதார்த்தம்கூட இல்லை. அதற்குப் பிறகுதான் மாநில அரசின் தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட் நிலம் ஒதுக்க வேண்டும். சலுகைத் தொகுப்புக்கு அமைச்சரவை ஒப்புதல் தர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் கட்டுவதற்கு ஓர் இசைவு, ஓட்டுவதற்கு ஓர் இசைவு வாங்க வேண்டும். மின் இணைப்பு வர வேண்டும், தண்ணீர் வர வேண்டும். இடையில் உலகச் சந்தை சரிந்தால் கம்பெனி வேறு நாட்டைப் பார்த்துப் போய்விடும். யாரும் யார் மேலும் வழக்குப் போட முடியாது.

இன்னொரு சங்கதி. கோடியும் வேலையும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஏறுவதில்லை. 2024 மாநாட்டில் செம்ப்கார்ப் என்ற நிறுவனம் தூத்துக்குடியில் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்க 36,238 கோடி ரூபாய்க்குக் கையெழுத்துப் போட்டது. அதில் சொல்லப்பட்ட வேலை 1,511. அதற்கு முந்தைய ஆண்டு, தைவானின் பௌ சென் நிறுவனம் உளுந்தூர்பேட்டையில் காலணித் தொழிற்சாலை தொடங்க 2,302 கோடிக்கு ஒப்பந்தம் செய்தது. அதில் 20,000 வேலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஹைட்ரஜனில் ஒரு வேலைக்கு இருபத்து நான்கு கோடி ரூபாய், செருப்பில் பதினொன்றரை லட்சம். ஹைட்ரஜன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேடையில் இரண்டு தொகையையும் ஒரே கூட்டலில் போட்டு, 'இத்தனை லட்சம் கோடி' என்று முழங்கும்போது, வேலை தேடி நிற்கிற பையனுக்கு அந்தக் கூட்டுத்தொகையால் ஒரு பயனும் இல்லை.

சரி, எதுவுமே வரவில்லையா? வந்திருக்கிறது. அதே தூத்துக்குடி மாவட்டம் சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனத்துக்கு 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2025 ஆகஸ்ட் 4 அன்று மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. பதினேழே மாதம். முதலில் ஆண்டுக்கு 50,000 கார் செய்யும் திறன். அங்கேயும் ஒரு சின்ன நிதானம் தேவை. ஒப்பந்தத்தில் சொன்ன தொகை 16,000 கோடி, முதல் கட்டத்தில் வருவதாகச் சொன்னது அதில் கால்பங்கு. மிச்சம் கார் விற்பதைப் பொறுத்தது. நெல்லைக்குப் பக்கத்தில் கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்தகடு ஆலை 2025 பிப்ரவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாங்குநேரிப் பொட்டலிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணம். எவனும் எதையும் செய்வதில்லை என்று சொல்கிறவர்கள் கங்கைகொண்டானில் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு ஒரு நாள் போய் நின்று பார்க்கலாம்.

பொதுவாகவே ஆலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் இந்தியாவில் முதலிடம். நாட்டின் ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் இங்கே இருக்கிறார்கள். இதை ஒரு கட்சியோ ஒரு முதல்வரோ செய்ததாகச் சொல்ல முடியாது. துறைமுகம், சாலை, பாலிடெக்னிக், மதிய உணவு சாப்பிட்டுப் பள்ளிக்குப் போன இரண்டு தலைமுறை என்று எல்லாம் சேர்ந்து செய்தது. சென்னையைச் சுற்றி வந்ததில் பாதி, யார் ஆண்டிருந்தாலும் வந்திருக்கும். அரசியல்வாதியின் வாக்குறுதிக்கு உண்மையான சோதனை தானாக வராத இடத்தில்தான். நாங்குநேரி போன்ற இடங்களில்.

வந்த வேலை நிற்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவை மறக்க முடியுமா? 2005-இல் ஒப்பந்தம், 2006 தொடக்கத்திலேயே உற்பத்தி. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடி வேலையில் இருந்தார்கள். பாகங்கள் செய்த ஆலைகளில் இன்னும் பல ஆயிரம் பேர். சொன்னதைச் சொன்னபடி செய்த வாக்குறுதி அது. கிராமத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறி, கழுத்தில் அடையாள அட்டையோடு போனதைப் பார்த்து ஒரு தலைமுறையே மாறியது. பிறகு கைப்பேசிச் சந்தையில் நோக்கியா சரிந்தது. மத்திய அரசோடும் மாநில அரசோடும் வரி வழக்குகள் வந்தன. மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிலை வாங்கியபோது இந்த ஆலையை மட்டும் விட்டுவிட்டு வாங்கியது. 2014 நவம்பர் 1 அன்று கதவை மூடினார்கள். கழுத்து அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, இருபத்தைந்து இருபத்தாறு வயதில் 'ஓய்வு பெற்று' ஊருக்குப் போனார்கள். விருப்பம் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கட்டடம் ஐந்தாண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்து, பிறகு சால்காம்ப் என்ற சார்ஜர் செய்யும் நிறுவனத்தின் கைக்குப் போய் மறுபடி ஓடுகிறது. மறைமலைநகர் ஃபோர்டு கதையும் ஏறக்குறைய இதுதான். 2021-இல் மூடுகிறோம் என்றார்கள், 2025 அக்டோபரில் என்ஜின் செய்ய 3,250 கோடி என்று திரும்பி வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அரசியல்வாதி தன் கையில் இல்லாததை வாக்களிக்கிறார். தன் கையில் இருப்பதைப் பற்றி வாய் திறப்பதில்லை. எத்தனை பேரை எடுப்பது, எத்தனை வருஷம் வைத்திருப்பது, எவ்வளவு சம்பளம் எல்லாம் கம்பெனியின் முடிவு. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக, தொழிற்சாலை வேலைகளில் 75 விழுக்காடு தமிழர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னது. அந்தச் சட்டம் வரவில்லை. வந்திருந்தாலும் நிற்குமா என்பது சந்தேகம். ஹரியானாவில் அப்படி ஒரு சட்டம் போட்டார்கள், 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. கர்நாடகத்தில் 2024 ஜூலையில் ஒரு மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கம்பெனிகள் முகம் சுளித்ததும் உடனே நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

கையில் இருப்பவை வேறு. காஞ்சிபுரம் மாவட்டம் வல்லம் வடகாலில் 706 கோடி ரூபாய் செலவில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியை சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 2021 டிசம்பரில் தனியார் விடுதி ஒன்றில் கெட்ட சாப்பாடு சாப்பிட்டு நோயில் விழுந்த ஐபோன் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் இப்படி ஒரு விடுதியின் தேவை எல்லோருக்கும் புரிந்தது. 71 அரசு ஐடிஐ-களில் பழைய கடைசல் இயந்திரங்களோடு ரோபோவும் கணினி இயந்திரங்களும் கொண்டுவந்து வைத்தார்கள். இவையெல்லாம் மாநில அரசு தானே செய்யக்கூடியவை, செய்தும் காட்டியவை. மேடைப் பேச்சில் இவற்றுக்கு அவ்வளவு கைதட்டல் விழுவதில்லை.

தொழிற்சங்கப் பதிவும் மாநில அரசின் கையில் இருக்கிற ஒன்று. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கி 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். அவர்கள் கேட்டதில் முதன்மையானது, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. பதிவு செய்ய வேண்டியது தொழிலாளர் துறை. அந்தப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில். வேலை கொண்டுவந்தேன் என்று பேசுகிற அரசு, வேலையில் இருக்கிறவனின் மனுவுக்கு எத்தனை நாளில் கையெழுத்துப் போடுகிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நிலமும் அப்படித்தான். 2013-ஆம் ஆண்டு மத்திய நிலச் சட்டம், எடுத்த நிலம் ஐந்தாண்டு சும்மா கிடந்தால் உரியவருக்கோ அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிலுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-இல் இயற்றிய மாநிலத்தின் சொந்தச் சட்டத்தின் கீழ்தான். எந்தச் சட்டத்தின் கீழ் எடுத்திருந்தாலும், எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் எடுத்து, எத்தனை ஏக்கர் முள் முளைத்துக் கிடக்கிறது என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிட கம்பெனி எதுவும் வர வேண்டியதில்லை. தாசில்தார் அலுவலகம் போதும்.

அதற்குப் பதிலாக நடப்பது வெள்ளை அறிக்கை விளையாட்டு. 2019-இல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸ்டாலின், முந்தைய மாநாட்டு முதலீடு எங்கே, வெள்ளை அறிக்கை வேண்டும் என்று கேட்டார். பிறகு எதிர்க்கட்சித் தலைவரான பழனிசாமி அதே கேள்வியை அதே சொல்லில் கேட்டார். கேட்கிறவர் நாற்காலி மாறியதும் பதில் சொல்ல மறந்துபோகிறார். ஆலை வாரியாக எத்தனை பேருக்கு பி.எஃப். பிடிக்கிறார்கள் என்ற கணக்கு எங்கேயோ ஒரு கணினியில் மாதாமாதம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஒப்பந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் சண்டையே இருக்காது. சண்டை இல்லாவிட்டால் மேடையில் என்ன பேசுவது என்பது வேறு பிரச்சினை.

இந்த பி.எஃப். யோசனை என்னுடையது இல்லை. நெல்லைப் பக்கம் ஓர் ஐடிஐ-யில் ஃபிட்டர் பிரிவு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் எனக்குத் தெரியும். 'வேல கெடச்சுதான்னு கேக்காதிய. பி.எஃப். புடிக்காங்களான்னு கேளுங்க' என்பார். காண்ட்ராக்டில் எடுத்து, பதினொரு மாதத்தில் அனுப்பி, மறுபடி எடுத்து விளையாடுகிற விளையாட்டு அவருக்கு அத்துப்படி. இந்திய ஆலைத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள் என்பது அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பே சொல்கிற செய்தி.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. பழைய மாணவர்கள் போன் பண்ணும்போதெல்லாம் எழுதி வைப்பார். பெயர், கம்பெனி, ஊர், பி.எஃப். உண்டா இல்லையா, நான்கு பத்தி. போன மாதம் அதைப் புரட்டிப் பார்த்தேன். ஊர் என்ற பத்தியில் பக்கம் பக்கமாக ஒரகடம், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், மறுபடி ஒரகடம். சில இடத்தில் ஸ்ரீபெரும்புதூரை அடித்துவிட்டுத் திருப்பூர் என்று திருத்தியிருந்தார். கடைசிப் பக்கங்களில் இரண்டு மூன்று இடத்தில் கங்கைகொண்டான் என்று இருந்தது. நாங்குநேரி என்று இருக்கிறதா என்று தேடினேன். முதல் பக்கத்திலேயே இருந்தது. அது அவருடைய சொந்த முகவரி.